பீஷ்மர் சொல்லவேண்டிய காரணம்

ஆட்டோவிலிருந்து இறங்கியதும் சரயுவின் கண்ணில் பட்டது கோயில் சுவரில் மழைக்கு ஊறித் தொங்கிய போஸ்டர்தான். பீஷ்மர்: வாதிராஜ ஹெப்பார். அர்ஜுனன்: போஜ செட்டி. அடியில், போனால் போகிறது என்று இடம் விட்டதுபோல, சிகண்டி என்று போட்டு, எதிரே அவளுடைய பழைய பெயர். பெற்றவர்கள் வைத்த ஆண்பிள்ளைப் பெயர். அதை இங்கே எழுதப்போவதில்லை. போஸ்டரில் வந்ததே போதும்.

புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் படியேறினாள். மண்டபத்து வாசலில் குடைகளை எண்ணாத குறையாக நின்றிருந்த கோயில் தர்மகர்த்தா காமத் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த வெற்றிலையை மறந்தார்.

"வாப்பா... வாம்மா... என்ன இது, புடவைல வந்திருக்கீங்க... வந்திருக்கே..." என்று மரியாதைக்கும் உறவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு தவித்தார்.

"என் பேரு சரயுன்னு பாகவதர் மய்யா சொல்லலையா?"

"சொன்னாரு, சொன்னாரு. ஆனா சரயுன்னு போட்டா யாருக்குத் தெரியும் மாராயரே? ஹெப்பார் அண்ணன் தம்பி மோதறாங்கன்னு போட்டாத்தானே ஆடி மழைல ஜனம் வரும்? பாருங்க, உக்கார இடமில்ல." பெருமையாகக் கையைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ள ஒரு பஞ்சே வேட்டி, சால்வை எடுத்து வச்சிருக்கேன். மாத்திக்கிட்டு வந்துடுங்க. ஒரு பொழுதுதானே?" என்றார்.

ஒரு பொழுதுதானே. இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டே அவளுக்கு முப்பது வயது ஆகியிருந்தது.

காமத்துக்குப் புரியாத சங்கதி ஒன்று உண்டு. அன்றைக்கு அங்கே நடக்கவிருந்த தாளமத்தளேயில் ஆட்டம் கிடையாது, அரிதாரம் கிடையாது, கிரீடம் கிடையாது. பாகவதர் பாட்டைப் பாடுவார். அந்தப் பாட்டின் பொருளைப் பிடித்துக்கொண்டு, பாத்திரமாகவே உட்கார்ந்து பேசவேண்டும். எழுதி வைத்த வசனமும் இல்லை. எதிரில் இருப்பவன் எதைக் கேட்பான் என்று ஆண்டவனுக்கே தெரியாது. பதில் வராமல் வாயை மூடினால் மானம் கப்பலேறிவிடும். மறுநாள் மீன் சந்தை வரைக்கும் அதுதான் பேச்சு. ஒரே ஒரு கட்டுப்பாடு: பாட்டு எங்கே கொண்டுபோய் விடுகிறதோ, அங்கே வந்து சேர்ந்தாகவேண்டும். பீஷ்மர் எப்படி வாதாடினாலும் சரி, கடைசியில் சிகண்டியைப் பார்த்து வில்லைக் கீழே வைத்தே தீரவேண்டும். அந்த வேளையில் ஏன் வைக்கிறார் என்று அவர் வாயாலேயே சொல்லவும் வேண்டும்.

வழுக்கைத் தலையும் தொந்தியுமாக பஞ்சே கட்டிய ஆண்கள் காலகாலமாக அந்தச் சபையில் திரௌபதியாகப் பேசியிருக்கிறார்கள், சீதையாக அழுதிருக்கிறார்கள். ஒருவரும் அவர்களைப் புடவை கட்டச் சொன்னதில்லை. இவள் புடவையில் வந்தால் மட்டும் உடுப்பு பெரிதாகிவிடுகிறது.

"மாத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மடப்பள்ளிப் பக்கம் கோளி பஜே, அந்த ஊர் மைதா போண்டா, பொரியும் வாசனை. அந்த வாசனைக்கு நடுவே அண்ணன் வந்தான். உடுப்பியில் பெரிய வக்கீல், சபையில் அதைவிடப் பெரிய பேச்சுக்காரன். வாதிராஜ ஹெப்பாருக்கு வார்த்தை வராத நாள் இனிமேல்தான் வரவேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். சிரித்த முகமாகத்தான் வந்தான். தூணைத் தாண்டி அவளைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு கழன்று விழுந்தது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"போஸ்டரைப் பாத்து ஏமாந்துட்டேன்" என்றான் சுவரைப் பார்த்து. "புத்தி வந்து திரும்பிட்டேன்னு நினைச்சேன். அம்மாகிட்ட வேற சொல்லிட்டேன், உன் புள்ள வர்றான்னு. காலைலேர்ந்து சேம்பிலைல பத்ரொடே சுத்தி வச்சுட்டு உக்காந்திருக்கா."

"அம்மா எப்படி இருக்கா?"

"கண்ணு சரியாத் தெரியல. நீ ஒரு பஞ்சேயைக் கட்டிக்கிட்டு எதிரே நின்னாப் போதும். தடவிப் பாத்துக்குவா. அதுக்குமேல அவளுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்."

அம்மாவின் கை, சேம்பிலையில் மாவு பூசும் அந்தக் கை, ஏழு வருஷமாக அவள் கனவில் மட்டும் வருகிற கை.

"அண்ணா, தங்கச்சியா வர்றேன். கூட்டிட்டுப் போ."

"எனக்குத் தங்கச்சி கிடையாது."

சொல்லிவிட்டு நேரே பாகவதர் நரசிம்ம மய்யாவிடம் போய் நின்றான். "சிகண்டிக்கு வேற ஆளைப் போடுங்க."

மய்யா தாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிடுசிடுப்புக்குப் பேர்போன மனுஷன். தலையை நிமிர்த்தவில்லை. "அவளைக் கூப்பிட்டது நான். உங்களுக்கு முடியலைன்னா சொல்லுங்க வாதிராஜரே, பீஷ்மருக்கு வேற ஆள் பாக்கறேன்."

முடியாது என்று சொல்ல அண்ணனால் ஆகுமா? சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடைக்குப் போனான்.

சிகண்டி சின்ன வேடம். அர்ஜுனனுக்கு முன்னால் நிற்கவேண்டும், அவ்வளவுதான். பெரிய பேச்சுக்காரர்கள் யாரும் சீந்தமாட்டார்கள். அதை வேண்டும் என்று கேட்டு வாங்கியவள் சரயு.

வீட்டைவிட்டுப் போய் ஹுப்பள்ளியில் ஒரு செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை பார்த்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளை நூலகத்தில் கழித்தாள். தன்னைப்போல ஒருவர் புராணத்தில் இருக்கிறாரா என்று தேடுவதுதான் அப்போது வேலை. இருந்தார்கள், ஏராளமாக. காட்டுக்குள் கால் வைத்ததும் பெண்ணாகிப்போன இளன் என்ற ராஜா, பிள்ளை பெற்ற யுவனாஸ்வன், மோகினியான விஷ்ணு, சலங்கை கட்டிய அர்ஜுனன். முதலில் ஒரே குதூகலம். சாமியே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டதுபோல நெஞ்சை நிமிர்த்தி நடந்தாள். அப்புறம் மறுபடி படித்தபோதுதான் எரிச்சல் வந்தது. ஒருவருக்குச் சாபம், ஒருவருக்கு வரம், ஒருவருக்கு ஒளிந்துகொள்ள ஒரு வழி. யாராவது அவர்களிடம் உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்களா? சிகண்டிக்கு அதுவும் இல்லை. பிறவியெடுத்ததே இன்னொருவனுக்குக் கேடயமாக நிற்கத்தான் என்று கதையை முடித்துவிட்டார்கள். சீட்டுக் கேட்டுப் போனவளுக்குக் கிடைத்தது வேலை. வாய் கொடுக்கப்படாதவர்களுக்கு வாயாக இருக்கவேண்டும். எதற்காக உயிரோடு இருக்கிறோம் என்று அதுவரை தெரியாமல் இருந்தது, அன்றைக்குத் தெரிந்தது. கதையில் வாய் இல்லாதவர்களுக்கும் வாய் கொடுக்கிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது அவளுடைய சொந்தக் கடற்கரையில் இருந்தது. மய்யாவுக்குப் போன் போட்டாள்.

இதோ, எதிரும் புதிருமாக நாற்காலிகள். நடுவே மய்யா, பக்கத்தில் மத்தளக்காரர். அண்ணனும் போஜ செட்டியும் போர்க்களத்தையே மண்டபத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சனம் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தது. பிறகு அந்தப் பாட்டு வந்தது: கிருஷ்ணன் அர்ஜுனனுக்கு முன்னால் சிகண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறான்.

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துப் பேசினான்.

"இதென்ன புதிய உருவம்? துருபதன் மகன் என்கிறார்கள் சிலர். மகள் என்கிறார்கள் சிலர். வளர்த்தவர்களுக்கே விளங்காததை எதிரே நிற்கும் கிழவன் எப்படிச் சொல்ல? நீயே சொல். ஆணா? பெண்ணா? இல்லை, இரண்டு வீட்டிலும் இலை போடாத விருந்தாளியா?"

பின்வரிசையில் சிரிப்பு. எவனோ ஒருவன் விசில் அடித்தான்.

சரயு வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. படித்ததெல்லாம் துடைத்துப் போட்டதுபோல மண்டை காலியாக இருந்தது. தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும். காமத் பக்கத்து ஆளிடம், "நான்தான் சொன்னேனே" என்று கிசுகிசுத்தது அவள் காதில் விழுந்தது. இப்போது எழுந்து ஓடினால் ஹுப்பள்ளி பஸ் கிடைக்கும். அதற்குப் பிறகு இந்த ஊரும் இல்லை, அம்மாவும் இல்லை, இந்த நாற்காலியும் இல்லை.

மய்யா தாளத்தை லேசாக ஒரு தட்டு தட்டினார்.

"கங்கையின் மகனே" என்றாள். குரல் கரகரத்தது. விடவில்லை. "ஆண் என்று சொல்லி எனக்குப் பெண் கட்டிவைத்தார்கள். அப்புறம் இதே கேள்வியோடு என் மாமனார் படை திரட்டி வந்தார். என்னைச் சோதிக்க ஆள் அனுப்பினார். என் தகப்பன் ஊருக்கு ஒன்று சொன்னார், உள்ளுக்குள் ஒன்று நினைத்தார். சாகலாம் என்று காட்டுக்குப் போனேன். அங்கே ஒரு யட்சன் மட்டும்தான் என்னைப் பார்த்து, ஏன் அழுகிறாய் என்று கேட்டான். அவன் கேட்டதற்கு அப்புறம் நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை. இன்றைக்கு நான் பதில் சொல்ல வரவில்லை. பதில் வாங்கிப்போக வந்திருக்கிறேன்."

"ஹூம்" என்றார் முன்வரிசையில் ஒரு கிழவர். தாளமத்தளே கேட்டுப் பழகிய ஹூம் அது.

அண்ணன் சளைக்கவில்லை. "யட்சனிடம் இரவல் வாங்கிய உடம்பு. இரவல் சாமானை வைத்துக்கொண்டு என்னிடம் நியாயம் பேசுகிறாயா?"

"இரவல்தான். உங்கள் உடம்பு மட்டும் என்ன? கிழட்டுத் தகப்பனுக்குக் கல்யாண ஆசை வந்தது. அதற்காகப் பெண்டாட்டி வேண்டாம், பிள்ளை வேண்டாம் என்று சத்தியம் செய்தீர்கள். பிறந்தபடியா வாழ்ந்தீர்கள்? அடுத்தவருக்காக உங்கள் உடம்பை நீங்கள் மாற்றிக்கொண்டால் அது விரதம். எனக்காக என் உடம்பை நான் மாற்றிக்கொண்டால் விபரீதமா?"

மண்டபம் அசைந்து கொடுத்தது. விசிலடித்தவன் வாயை மூடிக்கொண்டான். போஜ செட்டி தான் அர்ஜுனன் என்பதையும் மறந்து தலையாட்டினார்.

மய்யா அடுத்த பாட்டை எடுத்தார். சிகண்டியைக் கண்டு பீஷ்மர் வில்லைக் கீழே வைக்கும் பாட்டு. இப்போது அவன் சொல்லியாகவேண்டும். நீ பெண், பெண்ணை எதிர்த்து நான் வில் எடுப்பதில்லை என்று பீஷ்மர் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் கதை நகராது. எனக்குத் தங்கச்சி கிடையாது என்று சொன்ன அந்த வாய்தான் அதைச் சொல்லவேண்டும்.

அண்ணனுக்கும் அது தெரிந்திருந்தது. வக்கீல் இல்லையா? வேறு சந்து வழியாகப் புகுந்தான்.

"கிருஷ்ணா! உன் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டேன். என் வேளை வந்துவிட்டது. இதோ வில்லை வைக்கிறேன்!"

என்ன அழகாகச் சொன்னான்! கைதட்டலே எழும்பிவிட்டது. இத்தோடு சிகண்டிக்கு வேலை முடிந்தது. போஜ செட்டி பேசத் தொண்டையைச் செருமினார்.

"நில்லுங்கள்" என்றாள் சரயு. "காரணம் அது இல்லை. கிருஷ்ணன் முதல் நாளிலிருந்து சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான். அப்போதெல்லாம் நீங்கள் வில்லை வைக்கவில்லையே?"

"வயதாகிவிட்டது. கை ஓய்ந்துவிட்டது."

"காலையில் ஓயாத கை, நான் வந்ததும் ஓய்ந்ததா? பொய் சொல்லாதவர் என்று பெயரெடுத்தவர் நீங்கள். போருக்கு முன்னால் துரியோதனனிடம் என்ன சொன்னீர்கள்? எல்லாரையும் எதிர்ப்பேன், ஒருவரை மட்டும் எதிர்க்கமாட்டேன் என்றீர்களே. யாரை? ஏன்?"

அண்ணன் போஜ செட்டியைப் பார்த்தான், காப்பாற்று என்பதுபோல. செட்டி நிதானமாக வெற்றிலையை மடித்து வாய்க்குள் தள்ளிக்கொண்டார். அண்ணன் மய்யாவைப் பார்த்தான். அடுத்த பாட்டைப் பாடினால் தப்பித்துவிடலாம். மய்யா அதே பாட்டின் அதே வரியைத் திரும்பப் பாடினார். முடிந்ததும் மறுபடி அதே வரி. மத்தளம் அடக்கமாக ஒலித்துக்கொண்டே இருந்தது. பாகவதர் ஒரு வரியில் உட்கார்ந்துவிட்டால், அவர் எழுந்திருக்கும் வரை கதை அங்கேயேதான்.

அண்ணனின் முகம் சிவந்தது. பிறகு சட்டென்று தெளிந்தது. வழி கண்டுபிடித்துவிட்டான்.

"சொல்கிறேன், கேள்!" என்று முழங்கினான். "நீ பெண்ணாகப் பிறந்தவள். நடுவில் ஆணாக மாறிக்கொண்டாய். மாறினால் ஆயிற்றா? பிறப்பு பிறப்புதான். என்னவாகப் பிறந்தாயோ, சாகும்வரை அதுதான். யட்சன் வந்தாலும் மாற்றமுடியாது. நீ எந்த வேஷம் போட்டாலும் பீஷ்மன் பார்ப்பது உன் பிறப்பை!"

சபை ஆர்ப்பரித்தது. என்ன அடி! பாட்டின் கட்டளையும் நிறைவேறிவிட்டது, அவள் வாழ்க்கைக்கும் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பிறந்தது தம்பி, சாகும்வரை தம்பி. கதைக்குள்ளிருந்தே சொல்லிவிட்டான். காமத் நிம்மதியாக மூச்சு விட்டார்.

அண்ணன் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

அவள் கண்ணை மூடினாள். படித்ததெல்லாம் இப்போது வந்தது.

"எந்தப் பிறப்பு?" என்றாள்.

"என்ன?"

"எந்தப் பிறப்பு என்று கேட்டேன். நீங்கள் என்னை முதலில் பார்த்தது துருபதன் வீட்டுத் தொட்டிலில் இல்லை. காசியில். மாலையும் கையுமாக நின்ற என்னைத் தேரில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தீர்கள். நான் அம்பை. நீங்களும் வேண்டாம் என்றீர்கள், நான் விரும்பியவனும் வேண்டாம் என்றான். தீயில் இறங்கினேன். அந்த உடம்பு சாம்பலாகிவிட்டது பீஷ்மரே. ஒரு எலும்பு மிச்சமில்லை. இப்போது உங்கள் எதிரே நிற்பது வேறு உடம்பு, வேறு தகப்பன், வேறு பெயர். ஆனால் தேர் திரும்பியதும் என்னை யார் என்று கண்டுகொண்டீர்கள். எதை வைத்து? உடம்பை வைத்தா? அது எப்போதோ எரிந்துபோயிற்றே. சொல்லுங்கள். என்னிடம் எதைப் பார்த்து, இவள்தான் என்று தெரிந்தது?"

மய்யா பாடுவதை நிறுத்திவிட்டார்.

அண்ணன் கூரையைப் பார்த்தான், மத்தளத்தைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். பார்க்க வேறு இடம் இல்லாமல் கடைசியில் அவள் முகத்தைப் பார்த்தான். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, நேருக்கு நேர்.

எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், வீட்டு அட்டத்துப் பரணில், பலாப்பழ அப்பளம் காயவைக்கும் இடத்தில், எட்டு வயதுப் பிள்ளை அம்மாவின் கல்யாணப் புடவையைச் சுற்றிக்கொண்டு நின்றது. ஏணியேறி வந்த அண்ணன் அதைப் பார்த்தான். கீழே அப்பாவின் செருப்புச் சத்தம். அப்பாவின் கை எப்படிப்பட்டது என்று இருவருக்கும் தெரியும். அண்ணன் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டு, "மேல பாம்பு இருக்குப்பா, ஏறாதீங்க" என்று கத்தினான். அதைப்பற்றி அதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"தெரியும்" என்றான் அண்ணன்.

அது பீஷ்மருடைய குரல் இல்லை. கம்பீரம் எல்லாம் எங்கோ போய்விட்டது.

"நீ பெண். உடம்பு எதுவாக இருந்தால் என்ன. முதலிலிருந்தே பெண். அது எனக்குத் தெரியும். எனக்குத்தான் முதலில் தெரியும்." மூச்சு வாங்கினான். "மேலே பாம்பு இருக்கிறது என்று பொய் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு நின்றவன் நான்தானே. அன்றைக்கு உன்னைக் காப்பாற்றத்தான் சாத்தினேன். அப்புறம் திறக்கத் தோன்றாமல் போய்விட்டது."

வில் என்று எதுவும் கையில் இல்லை. தோளிலிருந்த சால்வையை எடுத்துத் தரையில் வைத்தான்.

முன்வரிசைக் கிழவர் பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்தார். "பீஷ்மர் கதைல பாம்பு எங்கேர்ந்து வந்துது மாராயரே?"

"தெரியலையே. ஏதாவது பாடபேதமா இருக்கும்."

சரயுவால் தலை நிமிர முடியவில்லை. கண்ணீர் மடியில் விழுந்தது. இனி சிகண்டிக்குப் பேச ஒன்றும் இல்லை. மய்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போனார். போஜ செட்டி அம்பு விட்டார், பீஷ்மர் சாய்ந்தார், கதை முறைப்படி முடிந்தது.

மங்களம் பாடியதும் காமத் தேங்காய்த் தட்டும் சால்வைகளுமாக மைக்குக்கு வந்தார். வழக்கப்படி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மரியாதை செய்தார். கடைசியாக, "சிகண்டியாகப் பேசிய..." என்று தொடங்கி, கையிலிருந்த போஸ்டரைப் பார்த்து அந்தப் பழைய பெயரின் முதல் எழுத்தைச் சொன்னார்.

"காமத்தே, நிறுத்துங்க."

அண்ணன் எழுந்து நின்றிருந்தான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் அவள் பக்கம் குனிந்து, மெதுவாக, யாரோ வழிப்போக்கரிடம் கேட்பதுபோலக் கூச்சத்தோடு கேட்டான்.

"உன் பேரு என்னம்மா? யார் என்னமோ சொன்னாங்க, நான் காதுல வாங்கிக்கல."

"சரயு."

அவன் நிமிர்ந்தான். "சரயு ஹெப்பார்" என்று மைக் இல்லாமலேயே மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னான். "என் தங்கச்சி. பேரைத் திருத்திப் படிங்க."

வெளியே மழை விடவில்லை. அண்ணன் காரின் பின்கதவைத் திறந்தான், பிறகு அதைச் சாத்திவிட்டு முன்கதவைத் திறந்தான். அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். வண்டி தென்னந்தோப்பைத் தாண்டி வீட்டுச் சாலையில் திரும்பியது. தூரத்தில் வாசல் விளக்கு தெரிந்தது. அம்மா திண்ணமாக வாசலிலேயேதான் உட்கார்ந்திருப்பாள், மகன் வருவான் என்று.

சரயு புடவைத் தலைப்பை இழுத்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அண்ணன் வண்டியை நிறுத்தினான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அம்மாகிட்ட நீயே சொல்லு சரயு" என்றான். "எனக்கு வார்த்தை வரல."